தங்கமீன் வளர்ப்பிடம்

தங்கமீன் வளர்ப்பிடம் என்பது வீட்டில் வளர்க்கும் தங்கமீன்களுக்காக அமைக்கப்படும் கண்ணாடித் தொட்டி, சிமென்ட் தொட்டி, ஃபைபர் தொட்டி, தோட்டக் குளம் ஆகியவற்றின் பொதுப்பெயர். தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். அறிவியல் பெயர் காராசியஸ் ஆரேட்டஸ். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாக விற்கப்படும் இது, முழு வளர்ச்சியில் வகைக்கு ஏற்ப 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். சரியான இடம் கிடைத்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1956இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல்தான் இறந்தது. நம் வீடுகளில் வாங்கிய சில மாதங்களிலேயே தங்கமீன் செத்து மிதக்கிறது என்றால், காரணத்தைத் தேடிப் போகும்போது பெரும்பாலும் தொட்டியில்தான் வந்து நிற்போம். தொட்டி வாங்குகிறவர் அளவெடுக்க வேண்டியது கடையில் நீந்தும் குஞ்சை அல்ல. அது வளர்ந்து அடையப்போகும் உடலை.

கலமும் மீனின் உருவமும்

தங்கமீனின் மூதாதை சீனாவின் ஆறுகளிலும் குளங்களிலும் வாழ்ந்த, சாம்பலும் பச்சையும் கலந்த நிறமுடைய கெண்டை. அவற்றிடையே அரிதாகத் தோன்றிய செந்நிற, பொன்னிற மீன்களைத் தனியே பிரித்து வளர்த்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் தென் சோங் அரசின் தலைநகராக இருந்த ஹாங்சோவில் அரண்மனைக் குளங்களில் இவை வளர்க்கப்பட்டன. குளத்து மீன் வேகமாக நீந்தியாக வேண்டும், இரைக்குப் போட்டியிட்டாக வேண்டும். அதனால் நிறம் மாறினாலும் உடல் கெண்டையின் நீண்ட உடலாகவே இருந்தது.

மிங் அரசர்கள் காலத்தில் மீன்கள் குளத்தை விட்டு வாயகன்ற மண்தொட்டிகளுக்கும் பீங்கான் தொட்டிகளுக்கும் வந்தன. அங்கே எதிரி இல்லை, இரையைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. குளத்தில் பிழைத்திருக்க முடியாத இரட்டை வால் குஞ்சும் குட்டை உடல் குஞ்சும் தொட்டியில் பிழைத்தன. வளர்ப்பவர்கள் அவற்றையே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். 1596இல் ஜாங் சியென்ட எழுதிய செம்மீன் நூல் அந்தக் காலத்து வளர்ப்பு முறைகளை விரிவாகப் பதிவு செய்கிறது. சீனத்திலும் பின்னர் ஜப்பானிலும் மீனை மேலிருந்து குனிந்து பார்ப்பதே வழக்கம். முதுகுத் துடுப்பே இல்லாத ரான்ச்சு வகையின் அகன்ற முதுகும் விரிந்த வாலும் அப்படிப் பார்க்கும் கண்ணுக்காக உருவானவை. இன்றும் ஜப்பானில் ரான்ச்சுவை ஆழமற்ற அகலத் தொட்டியில் வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள்.

ஐரோப்பாவுக்குத் தங்கமீன் 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கல் வழியாகச் சென்றது. லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு சிறிய தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரத்தையும் குளத்து நத்தைகளையும் 12 காலன் கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலத்தில் சேர்த்து வளர்த்து, தாவரமும் விலங்கும் ஒன்றையொன்று தாங்கும் முறையை 1850இல் வெளியிட்டார். இன்றைய மீன்தொட்டிக் கலையின் தொடக்கங்களுள் ஒன்று அது. 12 காலன் என்பது ஏறத்தாழ 54 லிட்டர். நம் கடைகளில் விற்கும் இரண்டடித் தொட்டியின் அளவு. அந்தக் கலத்தையும் அவர் முழுக்க நிரப்பவில்லை. பாதியளவுதான் நீர் ஊற்றினார். மேலே மஸ்லின் துணி கட்டி, காற்றை விட்டுப் புகைக்கரியைத் தடுத்தார்.

கண்ணாடிக் குடுவை

உருண்டைக் குடுவையில் ஒற்றைத் தங்கமீன் என்பது உலகெங்கும் பரவிவிட்ட படம். சீனப் பெரிய வீடுகளில் விருந்தினர் வரும்போது குளத்து மீனைப் பிடித்துச் சிறு கலத்தில் இட்டுக் காட்டிவிட்டு, பிறகு குளத்திலேயே விடுவார்கள். காட்சிக்கு வந்த கலத்தை நிரந்தர வீடாக்கியது பிற்காலத்துத் தவறு.

அந்தத் தவற்றை ஒரு சிறு கணக்கிலேயே பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குடுவையைப் பாதிவரை நிரப்பினால் அதில் 7 லிட்டர் நீர் இருக்கும். காற்றைத் தொடும் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 700 சதுர சென்டிமீட்டர். மீனுக்கு இன்னும் இடம் கிடைக்கட்டும் என்று 25 சென்டிமீட்டர் உயரம்வரை நிரப்பினால் நீர் 13 லிட்டராகும். ஆனால் கழுத்து குறுகுவதால் நீர்ப்பரப்பு 400 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். மீன் சுவாசிக்கும் ஆக்சிஜன் அந்தப் பரப்பின் வழியாகத்தான் நீருக்குள் கரைகிறது. நிறைய ஊற்றினால் மூச்சுக்குப் பஞ்சம், குறைத்து ஊற்றினால் இடத்துக்குப் பஞ்சம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள சாதாரணத் தொட்டியின் நீர்ப்பரப்போ ஏறத்தாழ 1,800 சதுர சென்டிமீட்டர். எவ்வளவு உயரம் நிரப்பினாலும் அது குறைவதில்லை.

குடுவையில் ஃபில்டர் பொருத்த இடமில்லை. நீளவாக்கில் நீந்த வழியில்லை. மீன் சுற்றிச் சுற்றியே வர வேண்டும். இத்தாலியின் மோன்சா நகராட்சி 2004இலும் ரோம் நகராட்சி 2005இலும் உருண்டைக் குடுவையில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தன. பிரான்சின் முன்னணி மீன்தொட்டி நிறுவனம் ஒன்று 15 லிட்டருக்குக் குறைந்த கலங்களை விற்பதை 2023இல் நிறுத்திக்கொண்டது. நம் ஊரில் பிறந்தநாள் பரிசாகவும் மேசை அலங்காரமாகவும் இந்தக் குடுவைகள் இன்னும் விற்கப்படுகின்றன. எந்த வகைத் தங்கமீனுக்கும், குஞ்சுக்கும்கூட, குடுவை ஏற்ற வீடல்ல.

தொட்டியின் அளவுக்குத் தகுந்தாற்போல்தான் மீன் வளரும் என்று கடைகளில் அடிக்கடி சொல்வார்கள். சிறிய தொட்டியில் வளர்ச்சி குன்றுவது உண்மைதான். ஆனால் அது மீன் தன்னை இடத்துக்கு ஏற்பச் சரிசெய்துகொள்வதல்ல. கழிவு தேங்கிய நீரில் அதன் உடல் நலிந்து போவது. முதுகு வளைவதும் ஆயுள் குறைவதும் அதன் பின்விளைவுகள்.

நீருக்குள் நடப்பது

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குப் போவதால் சிறிது சிறிதாக ஓயாமல் மேய்ந்துகொண்டே இருக்கும், ஓயாமல் கழிவும் விடும். அதன் செவுள்களிலிருந்து வெளியேறும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. நல்ல தொட்டியில் ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் படிந்து வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் கொடியதே, இரத்தம் ஆக்சிஜனை ஏந்திச் செல்வதை அது தடுத்துவிடும். நைட்ரேட்டை நாம்தான் நீர் மாற்றி வெளியேற்ற வேண்டும்.

இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே மீனை விட்டுவிடும் வழக்கத்தின் கேடு இங்கேதான் இருக்கிறது. முதல் சில நாள் மீன் துள்ளலாக இருக்கும். பிறகு நீர் பால்போலக் கலங்கும். மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும். துடுப்பு ஓரங்களில் சிவப்பு இழை ஓடும். நோய் என்று நினைத்து நீல மருந்தை ஊற்றுவார்கள். உள்ளே பெருகியிருப்பது அம்மோனியா. தொட்டியை முதலில் அமைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, ஏற்கெனவே நன்றாக நடக்கும் தொட்டியிலிருந்து பழைய பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிப் போட்டால் இந்தக் காலத்தைச் சுருக்கலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் நிற்கின்றனவா என்று சோதனைத் துளிகளால் பார்த்த பிறகே மீன் வாங்கக் கிளம்ப வேண்டும்.

எத்தனை லிட்டர்

குட்டை உடல் தங்கமீன் ஒன்றுக்கு 75 லிட்டர், சேரும் ஒவ்வொரு மீனுக்கும் இன்னொரு 40 லிட்டர் என்பது வளர்ப்பவர்களிடையே பரவலாக உள்ள கணக்கு. இது சட்டமல்ல, அனுபவத்தில் தேறிய கீழ்வரம்பு. நம் கடைகளில் தொட்டியை அடிக்கணக்கில் விற்பதால் லிட்டருக்கு மாற்றத் தெரிந்திருப்பது நல்லது. ஒரு கன அடிக்கு 28 லிட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 28ஆல் பெருக்க வேண்டும். கண்ணாடித் தடிமனுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் அதிகம் விற்பனையாகும் 2க்கு 1க்கு 1 அடித் தொட்டியில் நிற்பது 50 லிட்டர். வளர்ந்த தங்கமீன் ஒன்றுக்குக்கூட அது போதாது. குஞ்சுகளுக்குச் சில மாத விடுதியாக மட்டும் பயன்படும். 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் உள்ள தொட்டியில் 170 லிட்டர் நிற்கும், மூன்று மீன்கள் வாழலாம். அதே அகல உயரத்தில் 4 அடித் தொட்டி என்றால் 230 லிட்டர், நான்கு மீன்கள் தாராளமாக வாழும். வீட்டில் இடம் இருக்குமானால் முதல் தொட்டியையே மூன்றடிக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. சிறிய தொட்டியில் தொடங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு தொட்டிக்குக் காசு கொடுக்கிறார்கள். பெரிய தொட்டியில் நீரின் தன்மை மெதுவாகத்தான் மாறும், ஒரு தவறு நடந்தாலும் திருத்த அவகாசம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவருக்குப் பெரிய தொட்டிதான் எளிது.

எட்டுப் பொன்னிற மீனும் ஒரு கறுப்பு மீனும் வைத்தால் வீட்டுக்கு நல்லது என்ற ஃபெங் சுயி நம்பிக்கை தமிழ்நாட்டிலும் பரவியிருக்கிறது. நம்புகிறவர்கள் அந்த ஒன்பது மீன்களுக்கும் உரிய இடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். மேற்சொன்ன கணக்கில் அது 395 லிட்டர். 5 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில்கூட ஏறத்தாழ 380 லிட்டர்தான் நிற்கும். இரண்டடித் தொட்டியில் ஒன்பதையும் அடைத்து வைத்துவிட்டு, ஒன்று செத்ததும் வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்று ஆறுதல் சொல்வது அந்த உயிர்களுக்குச் செய்யும் அநீதி.

அளவோடு எடையையும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மூன்றடித் தொட்டி கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டிவிடும். டிவி மேசையோ பழைய அலமாரியோ இதைத் தாங்காது. இரும்பு ஸ்டாண்டை மட்டம் பார்த்து நிறுத்தி, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் தகடு விரிக்க வேண்டும். மட்டம் பிசகினால் கண்ணாடியின் ஒரு மூலையில் பாரம் ஏறி விரிசல் விடும்.

வகைக்கேற்ற வீடு

தங்கமீன்களை வளர்ப்பிடத்தின் நோக்கில் இரண்டாகப் பிரிக்கலாம். காமெட், ஷுபன்கின், சாதாரணத் தங்கமீன் ஆகியவை ஒற்றை வாலும் நீண்ட உடலும் கொண்டவை. மூதாதையைப் போலவே வேகமாக நீந்துபவை, 25 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியவை. இவற்றுக்குக் குளமோ பெரிய வெளித்தொட்டியோ தான் உண்மையான வீடு. மலிவாகக் கிடைப்பதால் முதலில் வாங்கப்படுபவையும் இவைதான். மிகச் சிறிய தொட்டிகளில் போய்ச் சேருபவையும் இவைதான்.

ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர், ரான்ச்சு, பபுள் ஐ ஆகியவை இரட்டை வாலும் உருண்ட உடலும் கொண்டவை. இவற்றுக்குக் கண்ணாடித் தொட்டி பொருந்தும். மெதுவாக நீந்தும் இவை ஃபில்டரின் வேக நீரோட்டத்தில் அலைக்கழிந்து களைத்துப்போகும். நீர் விழும் வாயைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தோ ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டோ வேகத்தைத் தணிக்கலாம். பிளாக் மூரின் புடைத்த கண்ணும் பபுள் ஐயின் நீர்ப்பையும் கூரான கல், பிளாஸ்டிக் செடி, மண்டபப் பொம்மை எதில் பட்டாலும் கிழிந்துவிடும். அந்தத் தொட்டி வெறுமையாக இருப்பதே நல்லது. இரு பிரிவையும் ஒரே தொட்டியில் விடக் கூடாது. தீனி போட்டதும் காமெட் பறந்து வந்து தின்றுவிடும். ஒராண்டா பட்டினி கிடக்கும்.

தங்கமீனைத் தனியே வளர்ப்பதைவிட இரண்டு மூன்றாக வளர்ப்பது நல்லது. ஆனால் துணை தங்கமீனாகவே இருக்கட்டும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கடையில் கூடவே கொடுக்கும் சக்கர் மீன், தங்கமீனின் உடலில் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்புப் படலத்தை உறிஞ்சி எடுக்கும்.

நம் ஊர்த் தண்ணீரும் வெயிலும்

தங்கமீன் குளிர்நீர் மீன். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் அதற்கு உகந்தது. 30 டிகிரியைத் தாண்டினாலும் உயிர் பிழைக்கும் தாங்குதிறன் அதற்கு உண்டு. ஆனால் வெப்பம் ஏற ஏற நீரில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம்தான். மீனுக்கோ வெப்பத்தில் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. பனி உறைந்த குளத்தில் ஆக்சிஜன் அற்றுப்போனாலும், தன் உடலிலேயே எத்தனால் உண்டாக்கிச் செவுள் வழியே வெளியேற்றி உயிர்வாழும் அபூர்வ ஆற்றல் தங்கமீனுக்கு இருக்கிறது. உடலியக்கம் தணிந்திருக்கும் குளிரில் மட்டுமே அது நெடுநாள் கைகொடுக்கும். சித்திரை வெயிலில் கொதிக்கும் அறையில் உதவாது.

ஆகவே நம் ஊரில் தங்கமீன் தொட்டிக்கு ஹீட்டர் தேவையில்லை. ஏர் மோட்டார்தான் தேவை, அதுவும் இரவு பகலாக. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் ஒன்றைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். சன்னல் வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான சுவரோரம் தொட்டிக்கு உரிய இடம். கோடையில் மூடியைத் திறந்து வலை போட்டு, நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் வெப்பம் ஓரிரு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைப் போடுவது தவறு. திடீர் மாற்றம் வெப்பத்தைவிடக் கொடியது.

நகராட்சிக் குழாய்நீரில் உள்ள குளோரின் மீனின் செவுளைப் பொசுக்குவதோடு நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். ஆன்டி குளோரின் துளி சேர்க்காமல் அந்நீரை ஊற்றக் கூடாது. குடிப்பதற்கு நல்லது மீனுக்கும் நல்லதுதானே என்று ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றுவோரும் உண்டு. உப்புச்சத்து நீங்கிய அந்த நீரில் அமிலத்தன்மை திடீரென ஏறிவிடும். ஓரளவு கடினமான போர் தண்ணீரே தங்கமீனுக்கு ஏற்றது. ஆனால் காரத்தன்மை கூடிய நீரில் அம்மோனியாவின் நச்சு பெருகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்: பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால் நச்சு வடிவ அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். வாரம் ஒருமுறை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை நீர் மாற்றுவது இதற்குத் தீர்வு. முழு நீரையும் கொட்டிவிட்டு, ஃபில்டர் பஞ்சைக் குழாய்நீரில் பிழிந்து கழுவினால் பாக்டீரியா அழிந்து, தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பஞ்சை அலச வேண்டும்.

வெளித்தொட்டி

வாசலிலோ மாடியிலோ இடமுள்ளவர்களுக்குச் சிமென்ட் தொட்டியும் ஃபைபர் தொட்டியும் கண்ணாடியைவிடச் சிறந்தவை. அதே செலவில் பல மடங்கு நீர் கிடைக்கும். சென்னை கொளத்தூரைச் சுற்றியுள்ள வண்ணமீன் பண்ணைகளில் மீன்கள் வளர்வதும் இத்தகைய தொட்டிகளில்தான். புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து நீர் கடும் காரமாகும். வாழைமட்டையை நறுக்கிப் போட்டு ஊறவிட்டு, நீரைப் பலமுறை மாற்றிக் காரத்தை இறக்குவது பண்ணைக்காரர்களின் வழக்கம். ஆழம் ஒன்றரை முதல் இரண்டடி இருக்கட்டும். ஆழமில்லாத நீர் மதியத்தில் சூடேறிவிடும். பாதிப் பரப்பிலாவது நிழல் விழ வேண்டும். அல்லியோ ஆகாயத்தாமரையோ அந்த நிழலைத் தரும். மீன்கொத்தி, கொக்கு, பூனை மூன்றுக்கும் பளிச்சென்ற நிறம் அழைப்பாகிவிடுவதால் வலை கட்டாயம். கொசுப்புழுவைத் தங்கமீன் விரும்பித் தின்னும் என்பதால் வெளித்தொட்டியால் கொசு பெருகும் என்ற அச்சம் வேண்டாம்.

தரையும் செடியும்

தங்கமீன் மண்ணைக் கிளறி வாயில் போட்டுத் துப்பிப் பார்க்கும் மீன். பட்டாணி அளவுக் கற்கள் அதன் தொண்டையில் சிக்கும். மெல்லிய மணலோ வாயில் அடங்காத பெரிய கூழாங்கல்லோ போடலாம். ஒன்றும் போடாமலும் விடலாம். மென்மையான செடிகளை ஒரு வாரத்தில் தின்று தீர்த்துவிடும். அனுபியஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற தடித்த இலைச் செடிகளைக் கல்லில் கட்டி வைத்தால் நிற்கும். இரவில் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

இடம் போதாமல் போனால்

வளர்ந்த மீனுக்குத் தொட்டி போதாதபோது சிலர் அதை அருகிலுள்ள ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் இப்படி விடப்பட்ட தங்கமீன்கள் பெருகி, சில 2 கிலோவை நெருங்கி வளர்ந்தன. அமெரிக்காவின் மினசோட்டாவில் பர்ன்ஸ்வில் நகர ஏரியில் பெருகிய தங்கமீன்களைப் பிடித்த அந்நகர நிர்வாகம், மீன்களை ஏரியில் விட வேண்டாம் என்று 2021இல் மக்களைக் கேட்டுக்கொண்டது. அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கி, உள்ளூர் மீன்களின் முட்டையையும் தாவரங்களையும் அவை அழிக்கின்றன. தொட்டி சிறிதாகிப்போனால் மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், அல்லது பெரிய தொட்டியோ தோட்டக் குளமோ வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.